கலர் ஜெராக்ஸ் எடுத்தால் தானே காட்டிக்கொடுக்கும் சான்றிதழை அச்சடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம். கல்லூரி ஒன்றுக்கு 5,000 சான்றிதழ் அச்சடிக்கும் வேலை வந்திருக்கிறது. "கலர் ஜெராக்ஸ் எடுக்கவே முடியாதபடி வேண்டும்" என்கிறது கல்லூரி நிர்வாகம். எந்தக் காகிதம், எந்த மை, என்ன டிசைன்?

முதலில் கல்லூரியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கவே முடியாத காகிதம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. சாதாரணமாகப் பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஸ்கேனருக்கும் தெரியும். ரூபாய் நோட்டை வைத்தால் சில கலர் மிஷின்கள் நகல் எடுக்க மறுக்கின்றனவே என்று கேட்பார்கள். உண்மைதான். அங்கே மறுப்பது காகிதம் இல்லை, மிஷினுக்குள் இருக்கும் மென்பொருள். பல நாட்டு நோட்டுகளில் ஐந்து சிறு வட்டங்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் சிதறிக் கிடக்கும். 2002ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் குன் இதைக் கவனித்து 'யூரியன்' என்று பெயர் வைத்தார். அந்த அமைப்பைக் கண்டதும் மிஷின் நின்றுவிடும். ஆனால் எல்லா மிஷினும் நிற்பதில்லை. அது நோட்டுகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு. அதை நம்பி ஒரு சான்றிதழை வடிவமைக்க முடியாது. போதாக்குறைக்கு, மாணவர் பெயர் அடிக்கப்போகும் கல்லூரியின் பிரின்டரே அந்தத் தாளைப் பார்த்து நின்றுவிடும் ஆபத்தும் உண்டு.

ஆகவே வேலையின் இலக்கை மாற்றிச் சொல்ல வேண்டும்: நகல் எடுப்பதைத் தடுக்கப் போவதில்லை, எடுத்த நகல் "நான் நகல்" என்று தானே சொல்லும்படி செய்யப் போகிறோம். இப்படிப் பேசிக்கொண்டால் பிறகு சண்டை வராது, டிசைனும் சரியான பாதையில் போகும்.

கலர் ஜெராக்ஸ் மிஷினுக்கு நான்கு பலவீனங்கள் இருக்கின்றன. பொதுவாக அது 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 கட்டமாகப் படிக்கிறது. அதன் ஒரு கட்டம் 42 மைக்ரான் (0.042 மி.மீ.), அதைவிட நுணுக்கமானது அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். இரண்டாவது, காகிதத்தின் அழுக்கும் மஞ்சளும் நகலில் வரக்கூடாது என்பதற்காக, மிக வெளிர்ந்த பின்னணியை வெள்ளை என்று எண்ணித் துடைத்துவிடும். மூன்றாவது, அதனிடம் இருப்பது சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு டோனர் மட்டும். எந்த நிறத்தையும் இந்த நான்கின் புள்ளிகளால்தான் அது கட்ட முடியும். நான்காவது, அது ஒரே கோணத்தில், ஒரே பக்கத்திலிருந்து விழும் சாதாரண வெளிச்சத்தில் பார்க்கிறது. சாய்த்துப் பார்ப்பது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது, புறஊதா விளக்கில் பார்ப்பது எதுவும் அதனால் ஆகாது. இந்தத் துறையில் இருக்கும் உத்திகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. யாராவது புதிதாக ஒரு 'செக்யூரிட்டி ஃபீச்சர்' விற்க வந்தால், இந்த நான்கில் எதைத் தொடுகிறது என்று கேளுங்கள்.

இதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மாதிரி வேண்டுமென்றால் உங்கள் காசோலைப் புத்தகத்தை எடுங்கள். ரிசர்வ் வங்கி 2010 பிப்ரவரியில் அறிவித்த சிடிஎஸ்-2010 (காசோலையைப் படமாக அனுப்பும் முறைக்கான) தரத்தின்படி அச்சான காசோலை அது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 'சிடிஎஸ்-இந்தியா' என்ற ஆங்கில நீர்க்குறி, முட்டை வடிவத்துக்குள் தெரியும். புறஊதா விளக்கில் வங்கியின் சின்னம் ஒளிரும். பின்னணி வெளிர் நிறம். அந்தப் பின்னணிக்குள் 'வாய்டு' அல்லது 'காப்பி' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது, கலர் நகலில் எழுந்து நிற்கும். இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. காசோலையை வங்கியே ஸ்கேன் செய்து படமாகத்தான் அனுப்புகிறது, சென்னையில் 2011 செப்டம்பர் முதலே அப்படித்தான். அந்தப் படத்தில் 'வாய்டு' எழுந்து நின்றால் தொகையையும் கையெழுத்தையும் மறைத்துவிடும். அதனால் வங்கி ஸ்கேனில் ஒளிந்தே இருக்க வேண்டும், ஜெராக்ஸில் மட்டும் வெளிப்பட வேண்டும் என்று தரத்திலேயே எழுதியிருக்கிறது. வங்கி எடுப்பது 100 டிபிஐ சாம்பல் படமும் 200 டிபிஐ கறுப்பு-வெள்ளைப் படமும். பின்னணி சின்னப் புள்ளிகளாலும் ஒளிந்த சொல் பெரிய புள்ளிகளாலும் ஆனது. 100 டிபிஐயில் அவை எல்லாம் கலந்து ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். கறுப்பு-வெள்ளையில் வெளிர் டின்ட் (புள்ளிகளால் ஆன இளநிறம்) முழுவதும் வெள்ளையோடு போய்விடும். 600 டிபிஐ மிஷின்தான் பெரிய புள்ளியைப் பிடித்துச் சின்னதை விடும். எந்த ஸ்கேனருக்கு எது தெரியும் என்பதைக் கணக்குப் போட்டு வேலை செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உங்கள் சான்றிதழுக்கும் இந்த ஒளிசொல் (ஒளிந்திருக்கும் சொல்) பின்னணியே முதுகெலும்பு. தொழிலில் இதற்குப் பெயர் வாய்டு பேன்டோகிராஃப். சாதாரண ஆஃப்செட் மிஷினில், சாதாரண மையில், கூடுதலாக ஒரு பிளேட் (அச்சுத் தகடு) செலவில் முடிகிற காரியம். ஆனால் ஏனோதானோ என்று செய்தால் அசலிலேயே சொல் தெரியும், இல்லையென்றால் நகலிலும் தெரியாது.

தத்துவம் சுலபம். பின்னணியை நுண்ணிய ஸ்கிரீனிலும் (புள்ளி வலை) சொல்லைப் பருத்த ஸ்கிரீனிலும் அடிக்கிறோம். இரண்டுக்கும் டின்ட் சதவீதம், அதாவது மை மூடும் பரப்பு, ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெளிர் நிறம். 150 லைன் ஸ்கிரீனில் (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) 10 சதவீத டின்ட் என்றால் ஒரு புள்ளியின் விட்டம் ஏறக்குறைய 60 மைக்ரான். 65 லைனில் அதே 10 சதவீதம் என்றால் 139 மைக்ரான். 42 மைக்ரான் கட்டத்தால் படிக்கும் மிஷினுக்கு 139 மைக்ரான் புள்ளி மூன்று கட்டத்துக்கு மேல் அகலம், தெளிவாகப் பிடித்துவிடும். 60 மைக்ரான் புள்ளி ஒன்றரைக் கட்டம். அது பக்கத்துக் கட்டங்களோடு கலைந்து வெளிறிப்போய், பின்னணி துடைக்கும் வேலையில் காணாமல் போகும். பின்னணி போய்விட, சொல் மட்டும் நிற்கும்.

கோப்பில் இரண்டையும் 10 சதவீதம் என்று போட்டு அடித்தால் பெரும்பாலும் அசலிலேயே சொல் தெரிந்துவிடும். காரணம் டாட் கெயின். மிஷினில் ஒவ்வொரு புள்ளியும் சுற்றிலும் கொஞ்சம் பரவும். விட்டத்தில் 10 மைக்ரான் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மைக்ரான் புள்ளி 70 ஆகும்போது டின்ட் 10லிருந்து 13.6 சதவீதமாகிவிடும். 139 மைக்ரான் புள்ளி 149 ஆகும்போது 11.5 சதவீதம்தான். பின்னணி கறுத்து, சொல் வெளிறி, கை நீட்டும் தூரத்திலிருந்தே படிக்க முடியும். ஆகவே நுண்ணிய பக்கத்தைக் கோப்பிலேயே குறைத்துப் போட வேண்டும். இந்தக் கணக்கில் அது 8.2 சதவீதம் வரும். உங்கள் மிஷினில் எவ்வளவு என்பதை ஏட்டுக் கணக்கு சொல்லாது, சோதனைத் தாள்தான் சொல்லும். சொல்லை 65 லைனில் 10 சதவீதமாக வைத்துக்கொண்டு, பின்னணியை 6லிருந்து 12 சதவீதம் வரை அரை அரைச் சதவீதமாக ஏற்றி 13 கட்டங்கள் போட்டு ஒரு பிளேட் எடுங்கள். வேலைக்கான அதே மிஷின், அதே காகிதம், அதே மை. காய்ந்தபின் 40 செ.மீ. தூரத்தில் பிடித்து, எந்தக் கட்டத்தில் சொல் மறைகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். காயும் முன் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேப்லித்தோவில் (பூச்சு இல்லாத அச்சுக் காகிதம்) மை உறிஞ்சப்பட்டதும் நிறம் இறங்கும்.

கோப்பு தயாரிக்கும் இடத்தில்தான் அதிக வேலைகள் கெடுகின்றன. இந்த ஸ்கிரீனை, கோப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளிடம் விடக்கூடாது. டின்ட் என்று கொடுத்தால் அது தன் வழக்கமான 150 அல்லது 175 லைனில் இரண்டையும் ஒன்றாக அடித்துவிடும், ஒளிசொல்லே இருக்காது. ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேல் படத்தை பிட்மேப் ஆக்கும்போது ஹாஃப்டோன் ஸ்கிரீன் தேர்வு வரும். அங்கே 65 லைன் ஒரு கோப்பு, 150 லைன் ஒரு கோப்பு, இரண்டும் 45 டிகிரி, இரண்டும் வட்டப் புள்ளி என்று எடுங்கள். கோப்பின் தெளிவு, பிளேட் எடுக்கும் மிஷினான உங்கள் சிடிபியின் தெளிவோடு ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது 2400 டிபிஐ. பிறகு சொல் வடிவத்தை வைத்து இரண்டையும் வெட்டிச் சேர்த்து 1 பிட் டிஃப் (கறுப்பு, வெள்ளை மட்டும் உள்ள பட) கோப்பாக வையுங்கள். அதன்பின் அதை 1 சதவீதம்கூடப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ சுழற்றவோ கூடாது. பிடிஎஃப் எடுக்கும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது: அடோபியின் அச்சுக்கான வழக்கமான அமைப்பு, 1800 டிபிஐக்கு மேற்பட்ட ஒற்றை நிறப் படங்களை 1200க்கு இறக்கிவிடும். அந்த இடத்தில் இறக்க வேண்டாம் என்று மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் புள்ளிகள் ஒன்றொன்று ஒரு அளவாகிப் பின்னணி முழுவதும் வரிவரியாகத் தெரியும்.

சொல்லும் பின்னணியும் சேரும் ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்பட்ட புள்ளிகள் கோடு போல நிற்கும். டின்ட் எவ்வளவு பொருந்தினாலும் கண் அந்தக் கோட்டைப் பிடித்துவிடும். ஓரத்தில் வெட்டுப்பட்ட பெரிய புள்ளிகளை நீக்குங்கள் அல்லது முழுதாக்குங்கள். அதற்கு மேல், பின்னணி முழுவதும் அலை அலையாக வெள்ளைக் கோடுகள் ஓடும்படி ஒரு மறைப்பு வடிவத்தைப் போடுங்கள். சொல்லின் மேலும் வெளியிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். கண் அலையைப் பின்தொடரும், சொல்லை விட்டுவிடும்.

சொல்லாக 'நகல்' என்றே தமிழில் போடலாம். போட வேண்டும் என்பேன், தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான சொல் எது? ஆனால் தமிழ் எழுத்துக்கு வளைவு அதிகம். 65 லைன் ஸ்கிரீனில் புள்ளிக்குப் புள்ளி 0.39 மி.மீ. இடைவெளி. எழுத்தின் கோட்டுக் கனத்தில் ஐந்தாறு புள்ளியாவது அமராவிட்டால் வடிவம் வராது. கோட்டுக் கனம் 2.5 மி.மீ., எழுத்து உயரம் 15 மி.மீ. குறையாமல் வையுங்கள். 'ல்' மேல் இருக்கும் புள்ளி 3 மி.மீ. விட்டம் இருந்தால் அதற்குள் 45 டாட் வரை அமரும், நகலில் உருண்டையாக எழும். அழகான கையெழுத்து பான்ட் இங்கே உதவாது. தடித்த, தலைப்பு எழுத்துதான் சரி.

நிறம்? ஒரே மையில், ஸ்பெஷல் கலராகக் கலந்து அடியுங்கள். சயானும் மஞ்சளும் சேர்த்துப் பச்சை வரவழைத்தால் இரண்டு பிளேட் ஆகும், ரிஜிஸ்டர் (ஒரு நிறம் மற்றதன் மேல் பொருந்தும் இடம்) முடியளவு நகர்ந்தாலும் சொல் தெரியும். மஞ்சள் தனியாக வேண்டாம், நகலில் எழுந்தாலும் யாருக்கும் தெரியாது. மிக வெளிர் நீலமும் வேண்டாம், பெரிய புள்ளியையும் சேர்த்தே சில மிஷின்கள் துடைத்துவிடும். நடுத்தரப் பச்சை, நீலப்பச்சை, ஊதா, செம்பழுப்பு இவை நன்றாக நிற்கும்.

இனி மிஷினில். முதல் ஆயிரம் தாள் நன்றாக வந்து, பிறகு சொல் தெரிய ஆரம்பிப்பது இந்த வேலையில் சகஜம். சொல் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. சொல் பின்னணியைவிட வெளிறித் தெரிந்தால் நுண்புள்ளிகள் பருத்துவிட்டன: மை அதிகம், அல்லது பிளாங்கெட் (மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) அழுத்தம் அதிகம். சொல் பின்னணியைவிட அடர்ந்து தெரிந்தால் நுண்புள்ளிகள் செத்துக்கொண்டிருக்கின்றன: தண்ணீர் அதிகம், பிளாங்கெட்டில் காகிதத் தூசு, அல்லது பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட் தேயும்போது முதலில் போவது சின்னப் புள்ளிதான். 500 தாளுக்கு ஒருமுறை ஒரு தாள் இழுத்து, ஒப்புதல் தாளோடு சேர்த்து வைத்து லென்ஸிலும் பார்க்க வேண்டும், அச்சகத்திலேயே இருக்கும் ஜெராக்ஸ் மிஷினிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் இந்த வேலைக்குக் கடைசித் தீர்ப்பு ஜெராக்ஸ் தாள்தான்.

இந்தப் பின்னணிக்கும் எல்லை உண்டு. 'போட்டோ' மோடில் வைத்து, நல்ல தெளிவில் எடுக்கும் புதிய மிஷின்களில் சொல் மங்கலாகத்தான் எழும். ஆகவே தாளின் ஒரு பகுதியில் 65/150 ஜோடி போட்டால், இன்னொரு பகுதியில் நுண்பக்கத்தை 200 லைனுக்கு ஏற்றிப் பாருங்கள். அங்கே 8 சதவீதப் புள்ளி 40 மைக்ரான், மிஷினின் ஒரு கட்டத்துக்கும் கீழே. அதை அச்சில் நிலைநிறுத்துவது கடினம், முதல் வேலையிலேயே முழுத் தாளுக்கும் இதைப் போடாதீர்கள். குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு தயாரிப்பு மிஷின்களில், டெக்ஸ்ட், டெக்ஸ்ட்-போட்டோ, போட்டோ என்ற மூன்று மோடிலும், கூடவே இங்க்ஜெட்டிலும் செல்போன் ஸ்கேனர் செயலியிலும் சோதித்து, அந்த நகல்களையே வாடிக்கையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த மிஷினில் எவ்வளவு தெரியும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும்.

நகல் எடுக்காமல், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பின்னணியையே துடைத்துப் புதிதாக டிசைன் செய்பவரை இந்தப் பின்னணி ஒன்றும் செய்யாது. அவருக்கு எதிராக நிற்பது காகிதமும் மையும்தான்.

காகிதத்தில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: புறஊதாவில் ஒளிராத காகிதம். சாதாரண ஏ4 தாளிலும் பெரும்பாலான மேப்லித்தோவிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். 365 நானோமீட்டர் டார்ச் அடித்தால் நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரியும். அந்த ரசாயனம் இல்லாத செக்யூரிட்டி காகிதம் மங்கிய ஊதாவாக அடங்கியிருக்கும். அப்படிப்பட்ட காகிதத்தில் அடித்துவிட்டால், சரிபார்ப்பவர் டார்ச்சை ஒரு வினாடி அடித்தாலே கடை ஜெராக்ஸ் தாள் தனியாகத் தெரிந்துவிடும். மிகக் குறைந்த செலவில் மிக உறுதியான சோதனை இதுதான். பண்டல் வந்ததும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று தாள் உருவி டார்ச் அடித்துப் பாருங்கள், வேறு காகிதம் கலந்து வருவதுண்டு. நீர்க்குறி காகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எண்ணெய்ப் பசை மையில் அடிக்கும் 'செயற்கை நீர்க்குறி'யை நீர்க்குறி என்று சொல்லி வாடிக்கையாளரை ஏமாற்ற வேண்டாம். உண்மையான நீர்க்குறி நாரின் கனம் கூடிக் குறைவதால் வருவது, அதன் சாயல் படிப்படியாக இறங்கும்.

இந்தக் காகிதத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத புறஊதா மையில் கல்லூரிச் சின்னத்தை அடிக்கலாம். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: மிஷின்மேனுக்கும் அது தெரியாது. டக்ட்டில் (மைத் தொட்டி) மை தீர்ந்து ஆயிரம் தாள் வெறுமனே ஓடியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. டெலிவரி பக்கத்தில் புறஊதா விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். முந்தின வேலையின் மை ரோலரில் துளி இருந்தாலும் ஒளிர்வு மங்கும், அந்த யூனிட்டை இரண்டு முறை கழுவிய பிறகே மை போடுங்கள்.

நிறத்தில் ரெயின்போ அச்சு கட்டாயம் வைக்கத் தகுந்தது. ஒரே யூனிட்டின் டக்ட்டில் தடுப்பு வைத்து ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை என்று ஊற்றினால், ரோலரின் பக்கவாட்டு ஆட்டத்தில் நடுவில் இரண்டும் குழைந்து ஒன்று மற்றொன்றாக மாறும். இதில் மெல்லிய கில்லோஷ் (பின்னிப் பின்னி ஓடும் வளைகோட்டு அலங்காரம்) கோடுகளை அடித்தால், 0.08 மி.மீ. கோடு அறுபடாமல் நீலத்திலிருந்து பச்சைக்கு நழுவும். ஜெராக்ஸ் மிஷினோ அதே கோட்டை நான்கு டோனர் புள்ளிகளால் கட்டும். பத்து மடங்கு லென்ஸில் அசலில் வழுவழுப்பான கோடு, நகலில் சயான், மஞ்சள் பொட்டுகளின் வரிசை. வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோடுகளை வெக்டாராக, முழு மையில் வையுங்கள். டின்ட் போட்டால் அசலிலேயே புள்ளி வந்துவிடும், சோதனையே அர்த்தமற்றுப் போகும். மை ஜோடி தேர்ந்தெடுக்கும்போது நடுவில் கலங்கிப் போகாத நிறங்களாகப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் நடுவில் சேற்று நிறம். ஓட ஓடக் கலப்பு அகலமாகிக்கொண்டே போகும். ஆட்டத்தைக் குறைத்து வைத்து, சில ஆயிரம் தாளுக்கு ஒருமுறை கழுவி ஏற்ற வேண்டும்.

ஃப்ளோரசன்ட் மையும் தங்கம், வெள்ளி மையும் நான்கு டோனரில் வராது. ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு செத்த ஆரஞ்சாகும், தங்கம் பழுப்பாகும், வெள்ளி சாம்பலாகும். ஆனால் ஃப்ளோரசன்ட் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். சுவரில் மாட்டப்போகும் பட்டத்துக்கு அது ஆகாது, ஒருநாள் விழா டோக்கனுக்கு அருமையானது.

மைக்ரோ எழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெரிய எழுத்தை 0.25 மி.மீ. உயரத்தில் அடித்தால் 2400 டிபிஐ பிளேட்டில் 23 கட்டம் கிடைக்கும், படிக்கலாம். ஜெராக்ஸில் 6 கட்டம், வெறும் கோடாகத் தெரியும். தமிழை இந்த அளவில் அடிக்க முடியாது. 'ண', 'ஞ', 'ணை' எல்லாம் உள்ளே மை அடைத்துக்கொள்ளும். 0.45 மி.மீ. வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி சொரசொரப்பான காகிதத்தில் விழாமல் போகும் என்பதால் 'மதுரை' போலப் புள்ளி இல்லாத சொல்லாகக் கிடைத்தால் நிம்மதி. வெள்ளை எழுத்தாக, மைக்கு நடுவே வேண்டாம், அடைத்துவிடும். சொல்வரிசையில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி, அந்த இடத்தைக் கல்லூரிக்கு மட்டும் எழுதிக் கொடுங்கள். புதிதாக டிசைன் செய்பவர் அதைத் தவறவிடுவார்.

வரிசை எண்ணை லெட்டர்பிரஸ் நம்பரிங் பெட்டியில், காகிதத்தை ஊடுருவும் சிவப்பு மையில் அடிப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி. தாளைத் திருப்பினால் பின்புறம் எண்ணின் சிவப்பு ஊறியிருக்கும், விரலால் தடவினால் அழுத்தம் தட்டுப்படும். ஜெராக்ஸுக்கு இரண்டும் கிடையாது. பூச்சுள்ள வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் ஊறாது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

சூட்டில் நிறம் மாறும் தெர்மோகுரோமிக் மையைப் பரிந்துரைப்பார்கள். விரலால் தேய்த்தால் மறையும், விட்டால் திரும்பும் என்பார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பது 31 டிகிரி செல்சியஸ் வகை. சித்திரை மாதத்தில் சிவகாசியிலோ வேலூரிலோ அறை வெப்பமே அதைத் தாண்டிவிடும், தேய்க்காமலேயே மறைந்திருக்கும். குளிர்நாட்டுக்கு ஏற்ற உத்தி, நமக்கு வேண்டாம். சாய்த்தால் நிறம் மாறும் மை சிறந்தது, 500 ரூபாய் நோட்டின் நூல் பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நல்ல ரக மை கட்டுப்பாட்டோடுதான் விற்கப்படுகிறது, 5,000 தாள் வேலைக்குக் கட்டாது. ஹோலோகிராம் ஃபாயில் வைப்பதானால் கல்லூரிக்கென்றே மாஸ்டர் செய்து வாங்குங்கள். கடையில் ரோலாகக் கிடைக்கும் பொது டிசைன் யாருக்கும் கிடைக்கும். நகலில் ஃபாயில் கறுத்துப் போவது உண்மைதான், ஆனால் அதே ரோலை வாங்கி ஒட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? விழா டோக்கனுக்கு இதற்கெல்லாம் பதிலாக, நாணயம் தேய்த்தால் தெரியும் வெள்ளை மை போதும். வெள்ளையின் மேல் வெள்ளையாக இருக்கும் எழுத்து, ஒரு ரூபாய்க் காசின் ஓரத்தால் தேய்த்ததும் சாம்பலாக எழும். வாசலில் நிற்பவர் இரண்டு வினாடியில் சோதிப்பார்.

கடைசியில் ஒன்று தடுமாற வைக்கும். சான்றிதழ் வெற்றுத் தாளாகப் போய், மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் கல்லூரியின் லேசர் பிரின்டரில் ஏறும். டோனரை உருக்கி ஒட்டும் அதன் ஃப்யூசர் 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் தாளை அழுத்தும். காயாத ஆஃப்செட் மை அதில் ஒட்டும், தங்க மை தீற்றும், சாதாரண ஃபாயில் உருகும். அச்சடித்த தாளை மூன்று நான்கு நாள் காயவிட்டு, 50 தாளை அவர்கள் பிரின்டரிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் மொத்தமும் அனுப்ப வேண்டும். ஃபாயிலை முடிந்தால் லேசருக்குப் பிறகு வையுங்கள். டோனர் நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் மதிப்பெண்ணைச் சுரண்டி மாற்றுவது எளிது, அப்போது நகல் எடுக்க வேண்டிய தேவையே யாருக்கும் இல்லை.

கியூஆர் கோடு வைத்தால் போதாதா என்று கல்லூரி கேட்கும். கட்டாயம் வையுங்கள், ஆனால் அது வேறு வேலை செய்கிறது. கியூஆர் நகலிலும் அப்படியே வரும், அப்படியே வேலை செய்யும். பெயரும் மதிப்பெண்ணும் கல்லூரிப் பதிவோடு பொருந்துகின்றனவா என்றுதான் அது சொல்லும், கையில் இருப்பது அசல் தாளா என்று சொல்லாது. அசல் தாளைக் கட்டணத்துக்குப் பிணையாக வாங்கி வைக்கும் இடங்கள், அசலைப் பார்த்து முத்திரை குத்தும் இடங்கள் இவற்றுக்குத் தாளின் சோதனைதான் வேண்டும்.

5,000 தாளுக்கு என்று கேட்டால் பரிந்துரை இது: ஒளிராத காகிதம், ஒளிசொல் பின்னணி, ரெயின்போவில் கில்லோஷ் ஓரம், மைக்ரோ எழுத்தில் ஒரு கோடு, ஊடுருவும் சிவப்பு எண். புறஊதாச் சின்னம் பணம் இருந்தால். தாளின் அடியில் சின்ன எழுத்தில் "இதன் நகலில் 'நகல்' என்ற சொல் தெரியும்" என்று அச்சடித்துவிடுங்கள், அந்த வரி இல்லாவிட்டால் நகலைப் பார்ப்பவர் அதை அழுக்கு என்று நினைப்பார். மற்றவற்றைத் தாளில் எழுதாமல், கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள்: டார்ச் அடி, திருப்பிப் பார், லென்ஸில் ஓரத்தைப் பார், மைக்ரோ வரியில் பிழை இருக்கிறதா பார், இந்த வரிசையில். கூடவே ஓர் அசல் மாதிரித் தாளும் அதன் மூன்று நகல்களும்.

வேலை முடிந்ததும் வேஸ்ட் தாளை எண்ணி, வந்த காகிதம், கொடுத்த தாள், கழிவு மூன்றும் கூட்டிக் கழித்துப் பொருந்துகிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். கழிவைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் துண்டாக்குங்கள். பிளேட்டுகளை அலுமினிய விலைக்கு விற்கும் முன், கல்லூரி ஆள் முன்னிலையில் குறுக்கே வெட்டிவிடுங்கள். 1 பிட் கோப்பைச் சிடிபி கம்ப்யூட்டரின் பழைய ஃபோல்டரில் விட்டுவிடுவது வழக்கமான மறதி. டிசைன் கம்ப்யூட்டரில் அழித்தாலும் ரிப் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கும், அங்கேயும் போய் அழியுங்கள்.